உங்கள் எழுத்துக்கு ஒரு விலாசம் இருக்கிறதா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்கள், ஊரைப் பற்றி எழுதுபவர்கள், கவிதை, கதை என்று எதையாவது எழுதி இங்கே போடுபவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன தவணைப் பரீட்சையின் தரம் 11 வரலாற்று விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கோல்புறூக் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்த ஆண்டு எது என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை 1883 என்று எழுதியிருந்தாள். சரியான விடை 1833. கைத்தவறு என்று நினைத்துக் கடந்து போனேன். நாலு தாள் தள்ளி மீண்டும் 1883. முடிக்கும்போது எண்ணிப் பார்த்தால் ஒன்பது பிள்ளைகள் அதே பிழையை எழுதியிருந்தார்கள்.

அடுத்த நாள் வகுப்பில் கேட்டேன். "எங்கிருந்து பிள்ளை இந்த 1883 வந்த?"

"சேர், உங்கட நோட்ஸிலதான் அப்பிடி இரிக்கி."

நான் நம்பவில்லை. பின்னேரம் அந்தப் பிள்ளையின் உம்மா வட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் தட்டச்சு செய்த நோட்ஸ்தான். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, இரவிரவாக இருந்து தயாரித்து ஆசிரியர் குரூப்புகளில் போட்டது. என் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஒரு டியூசன் வகுப்பின் இலச்சினை. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் 1883 என்ற பிழை மட்டும் அப்படியே பத்திரமாக இருந்தது.

இதில் எனக்கு வலித்தது என்னவென்றால், அந்தப் பிழையை நான் அன்றைக்கே திருத்திவிட்டேன். குரூப்பில் இருந்த ஒரு டீச்சர் அன்றிரவே கண்டுபிடித்துச் சொன்னார். விடியற்காலையில் "திருத்தம்: 1833 என வாசிக்கவும்" என்று போட்டுவிட்டுத் திருத்திய பிரதியையும் அனுப்பினேன். அதற்குள் பழைய பிரதி எத்தனையோ குரூப்புகளுக்குப் போய்விட்டது. திருத்திய பிரதி அதன் பின்னால் ஓடிப் பிடிக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் கழிந்து, என் சொந்த வகுப்புக்கே அந்தப் பிழை திரும்பி வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். நாங்கள் உழைத்துச் செய்கின்ற வேலையை எங்கே வைக்கிறோம்?

மூன்று இடங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது குரூப். வட்ஸ்அப் குரூப், டெலிகிராம் குரூப், அதற்கு முன்னால் இருந்த யாஹூ குழுமங்கள், யாழ் களம் போன்ற கருத்துக்களங்கள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றின் பெறுமதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் பிழையைப் பிடித்ததே குரூப்தான். ஒரு கேள்வியைப் போட்டால் பத்து நிமிடத்தில் மன்னாரிலிருந்து ஒருவரும் புத்தளத்திலிருந்து ஒருவரும் பதில் சொல்வார்கள். கூடிப் பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பேச்சு பேச்சாகவே போய்விடும். இன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை அடுத்த மாதம் வேறொருவர் கேட்பார். நாங்களும் அதே பதிலை மறுபடியும் தட்டச்சு செய்வோம். போனை மாற்றினால், குரூப்பிலிருந்து வெளியேறினால், அத்தோடு சரி.

இரண்டாவது இந்தச் சமூக ஊடகம். இது சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடை மாதிரி. ஊர் முழுக்க வந்து போகும். ஒரு விஷயத்தை இன்றைக்கு, இப்போதே, ஐந்நூறு பேருக்குச் சொல்ல வேண்டுமென்றால் இங்கேதான் சொல்ல வேண்டும். நானும் அதற்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன். ஆனால் கடையில் எழும்பி நின்று எவ்வளவு நல்ல விஷயத்தைச் சொன்னாலும், அடுத்தவர் பேசத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். போன வருடம் இதே நேரம் நீங்கள் போட்ட நல்ல பதிவு ஒன்றை இப்போது தேடி எடுங்கள் பார்ப்போம். எனக்கு அரை மணித்தியாலம் போனது. கிடைக்கவில்லை. எழுதிய எனக்கே கிடைக்காதது, என்னைத் தெரியாத ஒரு பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்?

அதோடு இந்த இடம் எங்களுடையதும் இல்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் வன்செயல் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் முடக்கினார்கள். 2022 ஏப்ரலிலும் முடக்கினார்கள். அரசாங்கம் மூடாவிட்டாலும் கம்பனியே ஒரு நாள் மூடிவிடும். ஓர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு முடிந்தன. நேரலை வீடியோக்களை இனிமேல் 30 நாட்கள்தான் வைத்திருப்போம் என்று 2025இல் பேஸ்புக் அறிவித்தது. பாடத்தை நேரலையாகச் செய்துவிட்டு "அது அங்கே இருக்கும்தானே" என்று நம்பியிருந்த ஆசிரியர்கள் அதைக் கேட்டுத் திகைத்துப் போனார்கள்.

மூன்றாவது வலைப்பதிவு. புளொக் என்று சொன்னாலே இப்போது சிரிக்கிறார்கள். "சேர், அதெல்லாம் 2010இல முடிஞ்ச விஷயம்" என்று ஒரு தம்பி சொன்னார். உண்மைதான். ஒரு காலத்தில் தமிழில் எழுதுபவர்கள் எல்லாரும் புளொக் வைத்திருந்தார்கள். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் யார் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தினமும் பார்ப்போம். பிறகு எல்லாரும் இங்கே குடிவந்துவிட்டோம். இங்கே லைக் உடனே வருகிறது. புளொக்கில் எழுதினால் ஒரு மாதத்துக்கு ஒரு கொமென்ட் வந்தால் பெரிய விஷயம். அந்த வெறுமை எனக்கும் தெரியும். ஆள் வராத வீட்டில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு இருப்பது போல இருக்கும்.

இருந்தாலும் நான் திரும்பிப் போய்விட்டேன். அந்த நோட்ஸ் எல்லாவற்றையும் மறுபடியும் வாசித்து, திருத்தி, ஒரு இலவசப் புளொக்கில் ஒவ்வொரு பாடமாக ஏற்றிக்கொண்டு வருகிறேன். காரணம் ஒன்றுதான். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விலாசம் இருக்கிறது.

விலாசம் இருந்தால் என்ன நடக்கும்? குரூப்பில் நான் கோப்பை அனுப்புவதில்லை, அந்தப் பாடத்தின் இணைப்பைத்தான் அனுப்புகிறேன். பிழை இருந்தால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். நேற்று இணைப்பை வாங்கியவரும், இரண்டு வருடம் கழித்து வாங்குபவரும் திருத்திய பாடத்தையே பார்ப்பார்கள். கடைசியாகத் திருத்திய திகதியையும் மேலே போட்டிருக்கிறேன். அந்த 1883 இப்படி ஒரு இடத்தில் இருந்திருந்தால், அடுத்த நாள் காலையிலேயே செத்துப்போயிருக்கும்.

போன மாதம் எனக்கு முன்பின் தெரியாத ஒரு டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். மலையகத்தில் ஒரு பாடசாலை. கூகுளில் ஒரு பாடத்தின் பெயரைத் தமிழில் தேடியபோது என் பக்கம் வந்ததாம். "பிள்ளைகளுக்குக் கொடுத்தேன் சேர், உங்களுக்கு நன்றி" என்று நாலு சொல். அந்தப் பதிவுக்கு ஒரு லைக்கும் இல்லை. இங்கே எனக்குக் கிடைத்த முந்நூறு லைக்கை விட அந்த நாலு சொல் பெரிது. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடினால் கிடைப்பது எவ்வளவு குறைவு என்று கற்பிக்கிற எல்லாருக்கும் தெரியும். நாங்கள் எழுதாமல் இல்லை. நிறைய எழுதுகிறோம். எழுதுவதையெல்லாம் தேடினால் அகப்படாத இடத்தில் வைக்கிறோம்.

இது பாடக் குறிப்புக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பழைய வட்டை, குளம், துறை, ஒழுங்கை இவற்றின் பெயர்கள் எப்படி வந்தன, எந்தக் குடியில் யார் மரைக்கார், மூத்தம்மாமார் சொன்ன சொற்களுக்கு என்ன அர்த்தம் என்றெல்லாம் ஒரு சமூக ஊடகத்தில் வருடக்கணக்காக எழுதினார். நாங்களும் "மாஷா அல்லாஹ் சேர்" என்று போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போனோம். அவர் வபாத்தாகி இப்போது மூன்று வருடம். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. பதிவுகள் நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி போட்டவை. மகன் என்னிடம் கேட்டார், "வாப்பா எழுதினத்த ஒரு புத்தகமாப் போடலாமா சேர்?" தேடிப் பார்த்தோம். யார் யாரோ எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன் ஷொட் பதினேழு கிடைத்தது. அவர் எழுதியது நூற்றுக்கு மேல் இருக்கும்.

சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அசன்பே சரித்திரம் நாவலை வெளியிட்டார். 140 வருடம் கழித்தும் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்தக் காலத்தில் அவரும் சந்தியில் பேசியிருப்பார், கூட்டங்களில் பேசியிருப்பார். எங்கள் கையில் இருப்பது அச்சில் நின்றது மட்டும்தான். எங்கள் மூத்த சேர் எழுதியது மூன்று வருடத்துக்குக்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இலவசப் புளொக்கும் எங்கள் சொந்தக் காணி இல்லை. அதுவும் ஒரு கம்பனியின் இடம்தான். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் புளொக்கில் ஒரு வசதி உண்டு. முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி எடுத்து வேறு இடத்துக்குக் குடிபோகலாம். ஆகவே தொடங்க நினைப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதில் சில:

1. எழுதியதை முதலில் புளொக்கில் போடுங்கள். பிறகு இணைப்பை இங்கேயும் குரூப்பிலும் கொடுங்கள். சந்தியில் அறிவியுங்கள், பொருளை வீட்டில் வையுங்கள்.

2. பாமினியில் தட்டச்சு செய்வதை விடுங்கள், அல்லது ஏற்றுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி எங்கள் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. தமிழில் தேடினால் வராது.

3. கையால் எழுதிப் படமெடுத்துப் போட்டால் அதன் கீழே நாலு வரியாவது தட்டச்சு செய்யுங்கள். தலைப்பு, தரம், பாடம், ஊர்ப் பெயர் இருந்தால் தேடுபவருக்கு அகப்படும்.

4. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுப் புளொக்கையும் இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். மௌத்து எல்லாருக்கும் உண்டு.

5. முக்கியமான பக்கங்களின் விலாசத்தை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்து ஒரு பிரதி எடுக்கச் செய்யுங்கள். காசு இல்லை. ஊர் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், பழைய புத்தகங்கள் வீட்டில் இருந்தால் நூலகம் இணையத்தளத்தோடு தொடர்புகொள்ளுங்கள். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி எல்லாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் சமூகத்தின் வெளியீடுகளும் அங்கே இருக்கின்றன. இன்னும் போக வேண்டியவை எங்கள் அலுமாரிகளில் கிடக்கின்றன.

"இப்ப யார் சேர் புளொக் வாசிக்கிற?" என்று கேட்பீர்கள். இன்றைக்கு யாரும் வாசிக்காமல் இருக்கலாம். ஆனால் ஐந்து வருடம் கழித்து ஒரு பிள்ளை இரவு பத்து மணிக்கு, பரீட்சைக்கு முதல் நாள், ஒரு சொல்லைத் தட்டித் தேடும். கட்டாரில் இருக்கும் ஒரு தம்பி தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஊரின் பெயரைத் தட்டித் தேடுவார். நான் எழுதுவது அவர்களுக்கு. அவர்கள் லைக் போட இங்கே வர மாட்டார்கள்.

கடைசியாக இரண்டு விஷயம்.

அந்த மூத்த சேரின் பதிவுகளை யாராவது கொப்பி பண்ணியோ படமெடுத்தோ வைத்திருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரு இடத்தில் சேர்க்கிறோம். பழைய போன்களையும் ஒருமுறை பாருங்கள்.

புளொக் தொடங்க விருப்பமிருந்து எப்படி என்று தெரியாதவர்கள், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். மகள் லெப்டொப்போடு இருப்பாள், அவள் என்னை விட நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். தேத்தண்ணி என் பொறுப்பு.

இந்தப் பதிவையும் முதலில் என் புளொக்கில் போட்டுவிட்டுத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பிழை ஏதும் கண்டால் சொல்லுங்கள், அங்கே திருத்திவிடுகிறேன். தரம் 11 பிள்ளைகளே, மறுபடியும் சொல்கிறேன்: கோல்புறூக் சீர்திருத்தம், 1833.