படையில்லா நாடு பணிய வைத்தது!

தோழனே!

தரைப்படை இல்லை, விமானப்படை இல்லை, போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. 1976-இல் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சத்து இருபதாயிரம். அந்த ஐஸ்லாந்துதான், ஒரு காலத்தில் ஏழு கடலையும் ஆண்ட பிரிட்டனைத் தன் கடலிலிருந்து பின்வாங்க வைத்தது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே அணி! 1949-இல் நேட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பன்னிரண்டு நாடுகளில் இவ்விரண்டும் உண்டு.

பனி மூடிய அந்தத் தீவில் கழனி ஏது? கடல்தான் கழனி, மீன்தான் விளைச்சல். அதைக் காக்க 1958-இல் 12 கடல்மைல், 1972-இல் 50, 1975-இல் 200 என்று மீன்பிடி எல்லையை விரித்தது ஐஸ்லாந்து. ஏற்க மறுத்த பிரிட்டன், தன் மீன்பிடிக் கப்பல்களுக்குத் துணையாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது.

கடலோரக் காவற்படகுகள் என்ன செய்தன தெரியுமா? வெட்டுக் கருவியை நீருக்குள் இழுத்துச் சென்று வலையின் வடத்தை அறுத்தன! பிடித்த மீனோடு வலை கடலடிக்குப் போயிற்று. போர்க்கப்பலும் காவற்படகும் மோதிக்கொண்டன.

ஒரு குண்டு போதாதா அந்தப் படகை மூழ்கடிக்க? போதும். ஆனால் அந்தக் குண்டு நேட்டோவின் நெஞ்சிலல்லவா பாயும்! வடதுருவக் கடலிலிருந்து அட்லாண்டிக்கிற்கு வரும் சோவியத் நீர்மூழ்கிகள் ஐஸ்லாந்தை ஒட்டிய கடல்வழியைத்தான் கடக்க வேண்டும். அவற்றை வேவு பார்த்த அமெரிக்கத் தளம், அத்தீவின் கெப்லவிக்கில் இருந்தது. 1976 பிப்ரவரியில் பிரிட்டனுடன் தூதரக உறவையே முறித்தது ஐஸ்லாந்து. தளத்தை மூடு என்ற குரலும் ஓங்கிற்று. கூட்டாளிகள் பதறினர், நேட்டோவின் பொதுச்செயலாளர் ஜோசப் லுன்ஸ் சமரசத்துக்கு முனைந்தார். ஜூன் 1-இல் ஆஸ்லோவில் உடன்பாடு: ஆறு திங்களுக்கு மட்டும், ஒரு நேரத்தில் 24 பிரிட்டிஷ் கப்பல்கள். பிறகு அதுவும் இல்லை.

அணியை விட்டு ஐஸ்லாந்து வெளியேறவில்லை என்பதைக் கவனி. முதல்நாளே வெளியேறியிருந்தால், மறுநாள் பேரம் பேசக் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? இருந்துகொண்டே, போகக்கூடும் என்று காட்டிற்று. அமைந்த இடம் அதற்கு வாய்த்தது. எல்லாச் சிறுநாட்டுக்கும் அது வாய்ப்பதில்லை. ஐஸ்லாந்துக்கே அந்த மதிப்பு நிலைக்கவில்லை. சோவியத் மறைந்தபின், 2006-இல், ஐஸ்லாந்து வேண்டாமென்று சொல்லியும் அமெரிக்கா தன் படையை அங்கிருந்து விலக்கிக்கொண்டது.

வென்றவரை வாழ்த்துகிறோம். ஆயினும் ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் பிரிட்டிஷ் மீனவத் தொழிலாளரையும் நினைத்துப் பார், தோழனே! எல்லை வகுத்தவர்களும் அவர்களல்லர். போர்க்கப்பல் அனுப்பியவர்களும் அவர்களல்லர். வேலையிழந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை இலண்டன் அறிவித்தது, 2000-ஆம் ஆண்டில்!