மடையைத் திறப்பது யார்?

இந்த வாரம் கண்ணில் பட்டது ஒரு வேலை விளம்பரம்: இயற்கை வள மேலாளர் தேவை. முதுநிலைப் பட்டம், செயற்கைக்கோள் வரைபடப் பயிற்சி, சரளமான ஆங்கிலம் எல்லாம் கேட்டிருந்தார்கள். சேற்றில் இறங்குவீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. பத்தியாளருக்குச் சுருக்கென்றது.

வாரந்தோறும் படிப்பவர்களுக்குத் தெரியும், அடுத்து அவர் எங்கே போய் நிற்பார் என்று. உத்திரமேரூர்தான். சோழன் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை (919, 921) வைத்துக்கொண்டு மேடைக்கு மேடை குடவோலை, குடவோலை என்று முழங்குகிறார்கள். குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆள் தேர்ந்தது எதற்காம்? ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. (இன்றைக்கு இந்த விதி வந்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று எழுதியெழுதி அவருக்கே சலித்துவிட்டது.) வைரமேக தடாகத்தைத் தூர்வாரப் பொன் கொடுத்தவர்களின் கல்வெட்டுகளும் அதே ஊரில் உண்டு. அதைப் பேச மேடை ஏது?

விளம்பரம் கிடக்கட்டும். வாரியம் கூடி முடிவெடுக்கும், சரி. மடையைத் திறப்பது யார்?

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். பெரும்பாலும் தலித் குடும்பம். வேலை அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். பல ஊர்களில், ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்கென்று நிலம் கிடையாது. அதனாலேயே ஓரவஞ்சனை செய்ய மாட்டார் என்று ஊருக்கு நம்பிக்கை. அடைமழை ராத்திரியில் கரையோடு நடந்து கசிவு பார்ப்பார். உபரி நீர் வழியும் கலிங்கில் மறுகால் பாய்கிறதா என்று பார்ப்பார். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து வயல் வயலாகப் பாய்ச்சுவார். அப்போது எவ்வளவு பெரிய மிராசாக இருந்தாலும் மடையில் கை வைக்கக் கூடாது. கூலி, அறுப்பு முடிந்து களத்தில் நெல்லாக.

குமிழித் தூம்பு உள்ள ஏரியென்றால் முங்கவும் தெரிய வேண்டும். கரையை விட்டுத் தள்ளி, தண்ணீருக்குள் நிற்கும் கல் தொட்டி அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி அடைகல்லைத் தூக்கினால், மேலே நீரோடித் துளையில் தெளிந்த தண்ணீர் இறங்கும். அடியில் சேறோடித் துளை வண்டலை இழுத்துக்கொண்டு போகும். பயிருக்குத் தண்ணீரும் ஆச்சு, ஏரிக்குக் கொஞ்சம் தூரும் குறைந்தாச்சு.

ஏரித் தண்ணீரை நம்பாமல் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் பெருகப் பெருக, நீர்க்கட்டிக்கு வரும் களத்து நெல் சுருங்கியது. 2000-ஆம் ஆண்டுப் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் உண்டு, தலைவர் உண்டு. உறுப்பினராக நிலம் வேண்டும். உத்திரமேரூரிலும் கால் வேலிக்கு மேல் நிலம் கேட்டார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நிலமில்லாத நீர்க்கட்டிக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. தேர்தல் முடிந்து, ஏரியும் நிறைந்துவிட்டால், மடை திறக்க இன்னமும் பல ஊர்களில் அவருக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள்.