பூசணிக்காய் வீணாகலாமா?

காம்போடு கூடிய முற்றிய பூசணிக்காய், காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கிற் கெடாதிருக்கும். வெட்டிய பின்னரோ சில நாட்களே தாங்கும். அழுகல் விதைப் பகுதியிலேயே தொடங்குமாதலால், வெட்டியவுடன் விதையையும் நாரையும் அகற்றிவிடுக. "இன்றும் பூசணிக்காயா?" என்று பிள்ளைகள் முகஞ்சுளியாதிருக்க, ஒரே காயில் இரு கறிகளும் ஒரு கொறியலும் ஆக்கலாம்.

பாற்கறி: 500 கிராம் காயைத் தோலுடன் பெருந்துண்டுகளாக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு ஆகியவற்றுடன் அரைக் கோப்பை இரண்டாம் பாலில் மூடி அவிக்கவும். காயே நீர் விடும். மேலும் நீர் சேர்த்தாற் குழைந்துவிடும். வெந்ததும் முதற்பால் விட்டு, கொதி வருமுன் இறக்கவும். காயிலுள்ள கரோட்டின் உடலிற் சேர்வதற்குத் தேங்காய்ப்பாலின் கொழுப்பு துணைசெய்யும்.

பிரட்டல்: கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சிறு துண்டுகளை இட்டு உப்புத் தூவி, நீர் விடாது மூடி, மெல்லிய நெருப்பில் வேகவிடவும். இறுதியில் ஒரு பிடி தேங்காய்ப்பூச் சேர்க்கவும்.

கொறியல்: விதைகளைக் கழுவி உலர்த்தி, வெறுஞ்சட்டியில் வறுத்துக் கோதுடைத்து உண்ணலாம்.

இன்னும் எஞ்சினால் என் செய்வது? அயல்வீட்டுக்கு ஒரு கீற்று அனுப்புவது நமது பழைய வழக்கந்தானே!