தேருக்கு முன்னால் வெள்ளோட்டம்

சென்ற இதழில் வடகம் பிழியும் பக்குவம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்ச தூரம் போகலாம். கொஞ்சம் என்ன, கடலே தாண்டிப் போகணும்!

என் தங்கை அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பக்கம் இருக்கிறாள். 2024 ஜூலையில் நான் போய் இறங்கினபோது அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் மௌன யுத்தம். "நீயே கேளு அக்கா! இஞ்சினீயரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து விளையாட்டு எழுதறான். விளையாட்டை ஆடுவாங்க, எழுதுவாங்களா?" என்று பொரிந்து தள்ளினாள்.

எனக்கும் முதலில் விளங்கவில்லை. பையன்தான் பொறுமையாகச் சொன்னான். இதில் ஜெயிப்பு தோற்பு கிடையாது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரம் (நாம் தேய்க்கிற பாத்திரம் இல்லை, கதாபாத்திரம்!). ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். அவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். "கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே அழுகுரல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்பார். உடைக்கிறேன் என்று ஒருவர் சொல்லலாம், ஜன்னல் வழியாக ஏறுகிறேன் என்று இன்னொருவர் சொல்லலாம். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவது. இருபது முகம் உள்ள பகடைகூட உண்டு, நம்ம தாயக்கட்டைக்குத் தூரத்து உறவு போல! நம் பாட்டி கதை சொல்லும்போது, "ராஜகுமாரன் இப்ப என்ன செய்வான், நீயே சொல்லு" என்று பேத்தியைக் கேட்டால் எப்படி இருக்கும், அதுதான்.

அவன் எழுதியிருந்தது ஒரு கலங்கரை விளக்கத்துக் கதை. புயல் ராத்திரி, விடியும் வரை விளக்கு அணையக்கூடாது. எனக்குச் சமையல்காரி வேஷம் (அங்கேயும் விடவில்லை பாருங்கள்). ஒவ்வொரு ஆபத்திலும் பயப் புள்ளி சேரும். அஞ்சு புள்ளி சேர்ந்தால் அந்த ஆள் ஓடிவிடுவார், ஆட்டத்திலிருந்து வெளியே. வீட்டில் ஏழெட்டுத் தடவை ஆடினோம். அமர்க்களமாகத்தான் இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? நான் திண்டாடும்போதெல்லாம், "பெரியம்மா, அந்தப் பழைய மணி இருக்கு இல்லே?" என்று அவனே எடுத்துக் கொடுப்பானே! நம் வீட்டு உப்பு நம் நாக்குக்குத் தெரியாது. புதுத் தேர் செய்தால் சுவாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை இழுத்து வெள்ளோட்டம் பார்ப்பார்கள் அல்லவா? அப்படி விளையாட்டுக்கும் வெள்ளோட்டம் உண்டாம். முன்பின் தெரியாதவர்களை உட்கார்த்தி வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்காகத்தான் ஆகஸ்டு மாத ஆரம்பத்தில் அந்த ஊரில் நடந்த ஜென் கானுக்குக் கிளம்பினான். "பெரியம்மா வந்தா அம்மாவும் வருவா" என்று என்னைப் பிடித்துக்கொண்டான்.

ஜென் கான் என்பது மேஜை விளையாட்டுகளுக்கென்று வருஷா வருஷம் நாலு நாள் நடக்கிற திருவிழா. 1968-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸ் என்பவர் ஆரம்பித்தது. தோட்டக்கலைக்காரர்களின் கூடம் ஒன்றை 50 டாலர் வாடகைக்கு எடுத்து நடத்தினாராம். பிறகு மில்வாக்கிக்கு மாறி, 2003 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. நாங்கள் போன வருஷம் வந்தவர்கள் 70,000 பேருக்கு மேல்! கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களையும் பார்த்தேன், நரைத்த தலைகளையும் பார்த்தேன்.

அந்தக் கைகாக்ஸும் டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து எழுதியதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் ஆயிரம் பிரதி அச்சடித்தார்கள். இந்த வகை ஆட்டத்துக்கெல்லாம் அதுதான் மூத்த பிள்ளை. கைகாக்ஸ் தன் பாதாளக் கோட்டையில் முதன்முதலில் இறக்கி விட்டது தன் மகனையும் மகளையும்தான். ஆக, வீட்டுப் பிள்ளைகளிடம் ஆரம்பிப்பது தப்பில்லை, அங்கேயே நின்றுவிடக்கூடாது. அதே ஆட்டத்தைத் திருத்தி 2014-ல் புதுப் பதிப்பு போட்டபோது, 2012-லேயே வரைவை வெளியே கொடுத்துவிட்டார்கள். 1,75,000 பேருக்கு மேல் பதிவு செய்துகொண்டார்கள் என்று பையன் சொன்னபோது என் தங்கை முதல் தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

கூடத்துக்குள் ஒரே இரைச்சல். நூற்றுக்கணக்கான மேஜை, மேஜைக்கு மேஜை ஒரு கதை. இரண்டு மணி நேரம் கத்திப் பேசினால் தொண்டை என்ன ஆகும்? மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீரைப் பிளாஸ்கில் கொண்டு போயிருந்தேன். நானும் தங்கையும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

வந்தவர்கள் அஞ்சு பேர், எல்லாரும் வேற்றாட்கள். எழுதித் தயாராக வைத்திருந்த பாத்திரங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். மேஜை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு சீட்டை வைத்தான். கதையில் ஏதாவது மனசைச் சங்கடப்படுத்தினால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் 2013-ல் கொண்டு வந்த வழக்கமாம்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அலையில் ஒரு படகு அடித்து வருகிறது, அதில் ஒரு குழந்தை என்று சொன்னான். என் வயது இருக்கும், ஒரு அம்மாள் பேசாமல் கையை நீட்டி அந்தச் சீட்டைத் தொட்டார். "படகு காலியாக இருந்தது" என்று அடுத்த மூச்சிலேயே மாற்றிச் சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி மேலே போய்விட்டான். "என்னடி, என்ன கஷ்டமோ, கேட்க வேண்டாமா?" என்று தங்கையிடம் கிசுகிசுத்தேன். அவள் பதில் சொல்லவில்லை. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளை, அஞ்சு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கதையை நடத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வந்தது வினை. ஒரு வாலிபனுக்குப் பகடை சரியாகவே விழவில்லை. இருபது நிமிஷத்தில் அஞ்சு பயப் புள்ளியும் சேர்ந்து வெளியே போய்விட்டான். பாக்கி நேரம் முழுக்கக் காகிதத்தை மடித்துப் பிரித்து உட்கார்ந்திருந்தான். வீட்டில் இது நடந்ததே இல்லை, இவன் எங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்ததால்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். அந்த வாலிபன், "கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்கு வேலையே இல்லை" என்றான். நம் பிள்ளைக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "பகடை விழலைன்னா அதுக்கு இவன் என்ன பண்ணுவான்?" என்று தங்கை எழுந்தே விட்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஆனால் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்படித்தான் இருக்கணுமாம். எழுதினவன் வாயைத் திறந்து நியாயம் சொல்ல ஆரம்பித்தால், சொல்லுகிறவர்கள் மரியாதைக்காக நிறுத்திக்கொள்வார்கள். வாங்கிச் சாப்பிடப் போகிறவன் வீட்டுக்கு இவன் கூடவே போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? நோட்டில் எழுதினான், "நன்றி" என்றான், அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. நான் கொண்டு போன எலுமிச்சஞ்சாதம் டப்பாவிலேயே இருந்தது. அஞ்சு புள்ளி சேர்ந்தவர் ஓடிப்போவதற்குப் பதிலாகப் புயலின் குரலாக மாறி, கேம் மாஸ்டரோடு சேர்ந்து மற்றவர்களைப் பயமுறுத்தலாம் என்று பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் சோதனை இன்னும் கடுமை. இவன் நடத்தவில்லை. இன்னொருவர் இவன் எழுதின புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தினார். இவன் எங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புயலின் குரல் பிரமாதமாக எடுபட்டது, சிரிப்பும் கூச்சலுமாக. ஆனால் அந்தப் பழைய மணி? ஒருத்தரும் தொடவில்லை. அதை எப்போது அடிக்கலாம், யார் அடிக்கலாம் என்று புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை! அவன் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது. ஆட்டமும் முடியாமலே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சாப்பாட்டு மேஜையில் அவன் எழுதிக்கொண்டிருந்தான். எதிரே என் தங்கை.

"அந்த மணியை யார் வேணும்னாலும் அடிக்கலாமாடா?"

"நீயே படிச்சுப் பாரும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மூணாம் பக்கத்தில் புருவத்தைச் சுருக்கினாள். அவன் வாயைத் திறக்கவில்லை, பென்சிலைத்தான் எடுத்தான். நான் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனேன்.