ஃபோர்மட் அடிக்க முதல்

லினக்ஸ் போட்ட லப்டொப்பில ஒருநாள் டாஸ்க்பார் காணாமல் போகும். இல்லாட்டி லொகின் பண்ணினதும் வெறும் வோல்பேப்பர் மட்டும் நிற்கும். எங்கட கம்பஸில இதுக்குச் சொல்லுற வைத்தியம் ஒண்டுதான்: "ஃபோர்மட் அடி மச்சான்." இந்தப் பழக்கம் பிழை எண்டுதான் நான் நினைக்கிறன்.

லினக்ஸ் டெஸ்க்டொப் அடுக்கடுக்கானது. அடியில கேர்னல். அதுக்கு மேல திரைக்குப் பொறுப்பான எக்ஸ்11 அல்லது வேலண்ட். அதுக்கும் மேலதான் ஜன்னல்கள், பட்டை, மெனு எல்லாம் சேர்ந்த குனோம், கேடிஈ போன்றவை. மேலடுக்கு விழுந்தாலும் கீழடுக்குப் பெரும்பாலும் நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூண்டையும் சேர்த்து அழுத்துங்கோ. கறுப்புத் திரையில லொகின் கேட்டால் சிஸ்டம் உயிரோடதான் இருக்கு.

அடுத்து, புதுப் பயனர் கணக்கொண்டு உருவாக்கி அதுக்குள்ள போய்ப் பாருங்கோ. அங்க எல்லாம் ஒழுங்கெண்டால், பிழை அநேகமாக உங்கட கணக்கின்ர அமைப்புக் கோப்புகளிலதான். ஹோம் ஃபோல்டருக்குள்ள புள்ளியோட தொடங்கும் 'கொன்ஃபிக்' எண்ட மறைஞ்ச ஃபோல்டர் இருக்கு. அந்தக் கறுப்புத் திரையில நிண்டு அதின்ர பெயரை மாத்திவிட்டால், அடுத்த லொகினில அமைப்புகள் புதுசா உருவாகும். சில செயலிகளும் புதுசு மாதிரித் திறக்கும், பயப்பட வேண்டாம். பழைய ஃபோல்டர் அப்பிடியே இருக்கும். எந்தக் கோப்பு பழுதெண்டு ஆறுதலாத் தேடலாம்.

"நாளைக்கு அசைன்மென்ட், இதுக்கெல்லாம் நேரம் எங்க?" எண்டு கேட்பீங்கள். நியாயம்தான். ஆனால் கலைப்பீடத்தில இறுதி வருட ஆய்வுக்கு வடமராட்சி, தீவகம் எண்டு திரிஞ்சு எடுத்த நேர்காணல்கள் பலரிட்ட அந்த ஒரே லப்டொப்பிலதான் கிடக்கு. பதிவு செய்த ஆச்சியிட்டத் திரும்பப் போய்க் கேட்க முடியுமெண்டு என்ன நிச்சயம்? ஃபோர்மட் அடிக்கத்தான் வேணுமெண்ட நிலை வந்தாலும், முதல்ல லைவ் யூஎஸ்பியில லினக்ஸை இயக்கிக் கோப்புகளை வெளியில எடுங்கோ.

இன்னொரு காரணமும் இருக்கு. ஃபோர்மட் அடிச்சால் பிழை ஏன் வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சில பிழைகளோ எங்கட கண்ணுக்கு மட்டும்தான் பிழையாத் தெரியும். டெஸ்க்டொப்பைத் தமிழுக்கு மாத்திப்போட்டு ரெர்மினலைத் திறந்து பாருங்கோ. பலதில எழுத்து உடைஞ்சு கிடக்கும். கணினி 'கொ' எழுத்தைச் சேமிக்கேக்க முதல்ல 'க', பிறகு உயிர்க்குறி. திரையில கொம்பு முன்னாலயும் அரவு பின்னாலயும் வரவேணும். ரெர்மினலோ திரையைச் சமமான கட்டங்களாப் பிரிச்சு எழுத்தை வரிசையா அடைக்குது. சிங்களத்துக்கும் ஹிந்திக்கும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு. அதனால சரிபார்க்க இறங்கின உடனேயே "மொழியை இங்கிலிஷுக்கு மாத்து" எண்ட அறிவுரைதான் கிடைக்கும்.

மற்றச் செயலிகளில தமிழ் ஒழுங்காத் தெரியிறதும் தானா நடந்ததில்லை. ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரேஒஃபிஸ் போன்றவற்றில எழுத்துகளை அடுக்கிறது ஹார்ஃப்பஸ் எண்ட திறந்த மூல மென்பொருள். அதின்ர முதன்மை உருவாக்குநர் ஈரானில பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோட். பெயரும் பாரசீகச் சொற்களில இருந்து வந்ததுதான். வலமிருந்து இடமா, ஒட்டி ஒட்டி எழுதுற மொழிக்காரர் பார்த்த வேலை எங்களுக்கும் பயன்படுது.

ஆகவே டெஸ்க்டொப் குழம்பினால் நாலு விஷயத்தைத் தமிழில எழுதி வையுங்கோ: எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, என்ன செய்யேக்க குழம்பினது, என்ன செய்து சரிவந்தது. அடுத்த ஆளுக்கு அது உதவும். தமிழ் எழுத்து உடையுதெண்டால் படம் எடுத்து, அந்த மென்பொருள் குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கோ. தொழில்நுட்ப இங்கிலிஷ் இடிச்சால் கணினி விஞ்ஞானம் படிக்கிற சிநேகிதரைப் பக்கத்தில இருத்துங்கோ. எழுத்து எங்க உடையுது, எப்பிடி நிற்கவேணும் எண்டு சொல்லுறதுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அந்த வேலை கலைப்பீடத்தாருக்கும் உரியதுதான்.