இரு தரப்புப் பெயர்களும் ஒரே கல்லில்

2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கம் நடத்திய சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் போன நாள். மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் உயிரிழந்தனர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர் கண்ணில் படுவதெல்லாம் உப்புப் பாத்திகளும், ஓலை போர்த்திய உப்புக் குவியல்களும்தான்.

விழுப்புரத்திலோ நினைவுக்கு மண்டபமே உண்டு. அங்கே, 1987 வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிர்நீத்த 21 பேருக்கு அரசு மணிமண்டபம் கட்டி 2025 ஜனவரியில் திறந்தது. நல்ல காரியம், இவ்வளவு காலம் இழுத்திருக்க வேண்டாம். அதே விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் அரசு அதே மரியாதையைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. ஓட்டுக் கணக்குப் பார்த்து (யார்தான் பார்ப்பதில்லை?) நினைவைப் பங்கு போட்டால், ஒரு சாதியின் மண்டபம் அடுத்த சாதிக்குச் சவாலாகத்தான் தெரியும்.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் அங்குள்ள நினைவிடத்தில் ஆண்டுதோறும் அதே நாளில் கூட்டம் கூடுகிறது. நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கை மக்கள் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மரக்காணத்துக்குக் கோடிகள் தேவையில்லை, ஒரு கல் போதும். வீடிழந்தவர்கள், உயிரிழந்தவர்கள் என இரு தரப்புப் பெயர்களும் அதில் இருக்கட்டும். அதை நட மாவட்ட நிர்வாகம் இரு தரப்பினரையும் ஒன்றாக அழைக்க வேண்டும்.