ராஃப்டிங் போறீங்களா? "நான் ஏறலை"ன்னு சொல்றவருக்கு முதல்ல பணத்தை ஒதுக்குங்க



ஜூன் மாசம் மழை ஆரம்பிச்சா போதும், கோயம்புத்தூர்ல பாதி வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சுதான். "மச்சா, கூர்க் போலாமா? ராஃப்டிங் பண்ணலாமா?" பீளமேட்டுல ரெண்டு பேர், திருப்பூர்ல மூணு பேர், பொள்ளாச்சியில ஒருத்தர்னு ஆள் சேரும். வேன் வாடகை எவ்வளவு, ஹோம்ஸ்டே எவ்வளவு, எவன் கம்மியா ரேட் சொல்றான்னு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பேச்சு ஓடும்.

இவ்வளவு பேசுற குரூப்ல ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேக்கறதில்லை. "ஆத்தங்கரையில போய் நின்னப்புறம் நம்மள்ல ஒருத்தருக்கு ஏற வேண்டாம்னு தோணுச்சுன்னா, அவர் காசு என்ன ஆகும்?"

இது சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா இந்த மாதிரி ட்ரிப்புக்கு தயாராகறதுல இதுதான் முதல் வேலைங்கறது என் கருத்து. லைஃப் ஜாக்கெட்டுக்கு முன்னாடி, ஷூவுக்கு முன்னாடி, கோப்ரோவுக்கு ரொம்ப முன்னாடி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஆத்தைப் புரிஞ்சுக்குவோம்

நம்ம ஊர்ல இருந்து ஒரு வார இறுதியில போய் வரக்கூடிய சவாலான ராஃப்டிங்னா, தென் குடகுல பிரம்மகிரி மலையோரம் ஓடுற பாரபொளே ஆறுதான். இது அப்படியே கேரளாவுக்குள்ள இறங்கி வளபட்டணம் ஆத்தோட சேருது. வழியில இருக்கற வேகப் பாய்ச்சல்களுக்கு 'மார்னிங் காபி', 'கிராஸ்ஹாப்பர்', 'விக்கெட் விட்ச்'னு ஜாலியா பேர் வெச்சிருக்காங்க. பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. ஆத்து வேகத்தை உலகம் முழுக்க 1ல இருந்து 6 வரைக்கும் தரம் பிரிப்பாங்க. 1னா சும்மா மிதக்கலாம். 6னா கிட்டத்தட்ட யாரும் இறங்கக் கூடாத இடம். பாரபொளே தண்ணி அளவைப் பொறுத்து 2ல இருந்து 4 வரைக்கும் போகும்.

'தண்ணி அளவைப் பொறுத்து'ங்கறதுலதான் காசு விஷயமும் ஒளிஞ்சிருக்கு. ரிஷிகேஷ் கங்கையில மழைக்காலத்துல ராஃப்டிங்கை நிறுத்திடுவாங்க. தாண்டேலி பக்கம் காளி ஆறு, மேல இருக்கற சூபா அணையில திறந்துவிடற தண்ணியை நம்பி ஓடுது. பாரபொளே முழுக்க மழையை நம்பின ஆறு. ஜூன் நடுவுல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் சீசன். மழை கம்மின்னா படகு ஓடாது. மழை ஜாஸ்தின்னா ஓட்டக் கூடாது. நீங்க ரெண்டு மாசம் முன்னாடி குறிச்ச சனிக்கிழமை எது நடக்கும்னு எந்த ஏஜென்டாலயும் சொல்ல முடியாது.

அதாவது, நீங்க வாங்கறது தேதி உறுதி இல்லாத ஒரு பொருள். ஆனா அதுக்கு கொடுக்கறது உறுதியான முன்பணம். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஆபத்து இருக்கு.

கட்டின காசு எப்படி ஆளைத் தண்ணிக்குள்ள தள்ளுது?

சினிமாவுக்கு 190 ரூபா கொடுத்து டிக்கெட் எடுத்துட்டோம், படம் மொக்கை. எந்திரிச்சுப் போறோமா? "காசு கொடுத்தாச்சே"ன்னு கடைசி வரைக்கும் உக்காந்திருப்போம். பொருளாதாரத்துல இதை மூழ்கின செலவுன்னு சொல்வாங்க. போன காசு போனதுதான், அதை வெச்சு அடுத்த முடிவை எடுக்கக் கூடாது. சினிமாவுல நமக்கு நஷ்டம் ரெண்டரை மணி நேரம். ஆத்துல?

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க வேன்ல வந்தது, தூக்கமில்லை. ஒருத்தருக்கு லேசா காய்ச்சல். இன்னொருத்தர் பிபி மாத்திரையை வீட்லயே விட்டுட்டு வந்துட்டார். ஒருத்தருக்கு நீச்சல் தெரியாது, வீட்ல சொல்லாம வந்திருக்கார். கரையில நின்னு பார்த்தா தண்ணி காப்பி கலர்ல ஓடுது. மனசு "வேண்டாம்"ங்குது. ஆனா 1,500 ரூபா கட்டியாச்சு, 300 கிலோமீட்டர் வந்தாச்சு, ஏழு பேர் பார்த்துட்டு நிக்கறாங்க. "என்ன மாப்ளே, பயமா?"ன்னு ஒரு வார்த்தை. ஏறிடுவார்.

நம்ம கொங்கு நாட்டுக்காரங்களுக்கு இது ரெண்டு மடங்கு கஷ்டம்ங்க. காசை வீணாக்கறது நமக்குப் பிடிக்காது. "சும்மா போச்சே"ங்கற வார்த்தை நம்மளைத் தூங்க விடாது. வாழ்க்கையில நம்மளை முன்னேத்தின அதே குணம் ஆத்தங்கரையில நமக்கு எதிரா வேலை செய்யும்.

தீர்வு: ஆளுக்கு 500 ரூபா

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்க ஊர், உங்க வேன், உங்க ரேட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

எட்டு பேர். வேன், டீசல், டோல் எல்லாம் சேர்த்து ரூ.24,000. தங்கறது, சாப்பாடு ஆளுக்கு ரூ.3,000, மொத்தம் ரூ.24,000. ராஃப்டிங் ஆளுக்கு ரூ.1,500, மொத்தம் ரூ.12,000. ஆக ரூ.60,000. தலைக்கு ரூ.7,500.

இப்போ தலைக்கு 7,500க்கு பதிலா 8,000 வசூல் பண்ணுங்க. கூடுதல் ரூ.500ஐ தனியா ஒருத்தர் கணக்குல வைங்க. எட்டு பேருக்கு ரூ.4,000 ஆச்சு. இதுக்கு ஒரே ஒரு விதி: கரையில எந்த நிமிஷத்துல யார் "நான் ஏறலை"ன்னு சொன்னாலும், காரணம் கேக்காம அவரோட 1,500 ரூபா இந்தப் பணத்துல இருந்து அவருக்குத் திரும்பிப் போகும். ரெண்டு பேர் விலகினா ரூ.3,000 போகும், மீதி ரூ.1,000 இருக்கும். யாருமே விலகலைன்னா? திரும்பி வர்ற வழியில பிரியாணி சாப்பிடுங்க, இல்லை ஆளுக்கு 500 பிரிச்சுக்குங்க.

தண்ணியைப் பார்த்துட்டு மொத்தக் குரூப்பும் வேண்டாம்னு முடிவு பண்ணினா? ரூ.12,000 போச்சுன்னே வெச்சுக்குவோம், கையில ரூ.4,000 இருக்கு. மீதி ரூ.8,000ஐ எட்டு பேர் பங்கு போட்டா ஆளுக்கு ஆயிரம். அந்த ஆயிரத்துக்காக எட்டு குடும்பத்தை பணயம் வைக்க வேண்டியதில்லை.

இந்த விதியை வாட்ஸ்அப் குரூப்ல முதல் நாளே பின் பண்ணி வைங்க. கரையில போய் பேசினா வேலைக்கு ஆகாது.

"அப்படின்னா எல்லாரும் பயந்து ஒதுங்கிடுவாங்களே"ன்னு கேக்கலாம். 1,500 ரூபா திரும்பக் கிடைக்கும்னு யாரும் 300 கிலோமீட்டர் வந்துட்டு ஒதுங்க மாட்டாங்க. உண்மையிலேயே முடியாதவர்தான் ஒதுங்குவார். அவர் ஒதுங்கறது மத்தவங்களுக்கும் நல்லது. ராஃப்ட்ல வழிகாட்டி கத்துற கட்டளைக்கு எல்லாரும் ஒண்ணா துடுப்பு போட்டாதான் படகு திரும்பும். பயத்துல உறைஞ்சு போன ஒருத்தர் படகுல இருக்கறவங்க எல்லாருக்கும் ஆபத்து.

எங்க பேரம் பேசலாம், எங்க கூடாது

ஒப்பணக்கார வீதியில புடவைக்கு பேரம் பேசுங்க. வேன் வாடகைக்கு பேசுங்க. ஹோம்ஸ்டேல சாப்பாட்டுக்கு பேசுங்க. ராஃப்டிங் ரேட்டுல மட்டும் வேண்டாம். அங்க நீங்க குறைக்கற 200 ரூபா எங்க இருந்து வரும்? ஒரு படகுல கூட ரெண்டு பேரை ஏத்தறதுல இருந்து வரும். பழைய ஜாக்கெட்டுல இருந்து வரும். கூட வர வேண்டிய பாதுகாப்பு கயாக் வராததுல இருந்து வரும்.

ரேட் கேக்கறதுக்கு பதிலா இதைக் கேளுங்க:

- ஒரு படகுல எத்தனை பேர் ஏத்துவீங்க?
- வழிகாட்டிக்கு முதலுதவி, சிபிஆர் பயிற்சி இருக்கா?
- கூடவே மீட்பு கயாக் வருமா? வீசுற கயிறு இருக்கா?
- தண்ணி ஜாஸ்தின்னு நீங்களே நிறுத்தினா பணம் முழுசா திரும்புமா, இல்லை வேற தேதி தருவீங்களா? இதை வாட்ஸ்அப்ல எழுதித் தருவீங்களா?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு பதில் வந்தா வேற ஆளைப் பாருங்க. நிறுத்தினா தனக்கு நஷ்டம்ங்கற நிலைமையில இருக்கறவர், நிறுத்த வேண்டிய நாள்ல நிறுத்த மாட்டார்.

இன்சூரன்ஸ்ல என்ன எழுதியிருக்கு?

"ராஃப்டிங்குக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் வராது"ன்னு பலபேர் சொல்வாங்க. அது முழு உண்மை இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019ல விலக்குகளை ஒரே மாதிரி வார்த்தையில எழுதணும்னு விதி கொண்டுவந்துச்சு. அதுல சாகச விளையாட்டு பத்தின விலக்குல ராஃப்டிங் பேரும் இருக்கு. ஆனா அது தொழில்முறையா கலந்துக்கறவங்களுக்குத்தான். நீங்களும் நானும் ஒரு நாள் ஜாலிக்குப் போறவங்க. உங்க பாலிசியில அந்த வரியைத் தேடி, 'தொழில்முறை'ங்கற வார்த்தை இருக்கான்னு பார்த்துக்குங்க. வழக்கமான 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

தனிநபர் விபத்துக் காப்பீடு, டெர்ம் பாலிசியோட எடுக்கற விபத்து ரைடர் இதெல்லாம் வேற கதை. அங்க சாகச விளையாட்டையே மொத்தமா விலக்கியிருக்கலாம். கம்பெனிக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க. டெர்ம் பாலிசி விண்ணப்பத்துல ஆபத்தான பொழுதுபோக்கு உண்டான்னு கேட்டிருந்தா உண்மையை எழுதுங்க. ரயில் டிக்கெட்டோட ஒரு ரூபாய்க்கும் கம்மியா கிடைக்கற காப்பீடு ரயில் பயணத்துக்கு மட்டும்தான், ஆத்துக்கு இல்லை.

உடம்பும் வழியும்

கிணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்ட ஊர் நம்மது. ஆனா கிணத்துத் தண்ணி ஓடாது. மேட்டுப்பாளையத்துல பில்லூர் அணைத் தண்ணி திறந்ததும் பவானி ஆறு எப்படி மாறும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், ஓடற தண்ணியில நீச்சல் தெரிஞ்சவரும் தடுமாறுவார்.

அதனால ஒரு மாசம் முன்னாடியே தினம் அரை மணி நேரம் வேக நடை, தோளுக்கும் இடுப்புக்கும் கொஞ்சம் பயிற்சி. முடிஞ்சா நீச்சல் குளத்துல ஜாக்கெட் போட்டு மல்லாந்து மிதந்து பழகுங்க. ஆத்துல விழுந்தா மல்லாந்து படுங்க, கால் ரெண்டும் ஓட்டத் திசையில முன்னாடி நீட்டி, விரல் தண்ணிக்கு மேல. ஓடற தண்ணியில எழுந்து நிக்க முயற்சி பண்ணாதீங்க. பாறைக்கு நடுவுல கால் சிக்கினா தண்ணி உங்களை அமுக்கிடும். ஜாக்கெட் பட்டையை இறுக்கினப்புறம் நண்பரை விட்டு தோள்பட்டையைப் பிடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறி வந்தா அது உங்க சைஸ் இல்லை, மாத்திக் கேளுங்க. முந்தின நாள் ராத்திரி சரக்கு வேண்டவே வேண்டாம்.

வழியில திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. வனவிலங்குகளுக்காக ராத்திரி 9 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் அங்க போக்குவரத்துக்குத் தடை இருக்கு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சு ஏழு மணிக்குக் கிளம்பினா, அன்னூர், புளியம்பட்டி, சத்தி தாண்டி பண்ணாரி போறதுக்குள்ள கேட் மூடிடுவாங்க. மதியமே அரை நாள் லீவு போடுங்க. அதை விட முக்கியம், போய்ச் சேர்ந்த ராத்திரி நல்லா தூங்கிட்டு அடுத்த நாள் காலையில ஆத்துக்குப் போற மாதிரி திட்டம் போடுங்க. அந்த அரை நாள் சம்பளமும் பாதுகாப்புச் செலவுதான்.

காட்டோரத்துல போன் சிக்னலை நம்ப முடியாது. அவசரத்துக்கு ஒரு பத்தாயிரம் ரூபாயாவது ரொக்கமா ஒருத்தர் கையில இருக்கட்டும். பாலிசி எண், ரத்த வகை, வீட்டு நம்பர் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வேன்ல வைங்க. வீட்ல எந்த ஊர், எந்த ஆறுன்னு சொல்லிட்டுப் போங்க.

இவ்வளவும் பண்ணிட்டுப் போனா பாரபொளே மாதிரி அனுபவம் கிடைக்கறது கஷ்டம்ங்க, கண்டிப்பா போங்க. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி குரூப்ல ஒரே ஒரு மெசேஜ் போடுங்க: "ஆளுக்கு 500 எக்ஸ்ட்ரா. யார் ஏறலைன்னாலும் காசு திரும்பும். காரணம் கேக்க மாட்டோம்." அதுக்கு "எதுக்குடா இது?"ன்னு கேக்கறவருக்கு இந்தப் பதிவை அனுப்பி வைங்க. சத்தமே போடாம உடனே 500 அனுப்பறார் பாருங்க ஒருத்தர், அவருக்குத்தான் இது ரொம்ப தேவைப்பட்டிருக்கும்.

உங்க குரூப்ல இந்த விதி ஒத்து வருமா, வேற நல்ல வழி இருக்கான்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பேசலாம்.